“ஏன் லேட்டா வந்தீங்க அக்கா?”

தோழர்களே, இது ஒரு டிராக்டர் டிரெய்லரைப் பற்றிய பதிவு. சாதியைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் வண்டியைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கடைசி வரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணி கரை தாண்டியது. குளங்கள் உடைந்தன. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. எந்த ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே ஆள் வந்து சொன்னால்தான் தெரியும்.

2015-இல் சென்னையிலும் 2018-இல் கேரளத்திலும் நடந்ததைப் போலவே இங்கும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். யாரும் உத்தரவு போடும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த நன்றிக் கடன் எங்கள் மக்களுக்கு என்றைக்கும் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஒரு ஊரின் விலக்கில் நின்றிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அன்று விடிந்ததிலிருந்து அங்கே இரண்டு படகுகள் வந்துவிட்டன. இரண்டும் ஊர்த் தெருவுக்குப் போயின. அங்கேயும் தண்ணீர்தான், அங்கேயும் மனிதர்கள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலனி அதைவிடப் பள்ளத்தில், குளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மழைத் தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கேதானே நமக்கு இடம் ஒதுக்குவார்கள். வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே நீந்தி வந்த ஒரு பையன்தான் சொன்னான்: சமுதாயக்கூடத்து மொட்டை மாடியில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் இருக்கிறார்.

மூன்றாவதாக வந்த படகு எங்களுக்குக் கிடைத்தது. 20 அடி ஃபைபர் படகு. கூடவே மீனவர் இரண்டு பேர். ஆனால் லாரி அதற்கு மேல் போகாது. பாலத்தின் ஓரம் அரித்துக் கிடந்தது. காலனியை நோக்கி இன்னும் நாலு கிலோமீட்டர். டிராக்டரில் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

ஊர்ப் பண்ணையார் ஒருவரிடம் டிராக்டர் இருந்தது. டிரெய்லர் இரண்டு இருந்தன. நல்ல டிரெய்லரில் உர மூட்டைகளை ஏற்றி, தார்ப்பாய் மூடி, மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். “அந்தப் பழசை எடுத்துக்கிடுங்க” என்றார். அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவியாகத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

பழையது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். டிரெய்லரின் முன்னால் முக்கோணமாக ஒரு இரும்புச் சட்டம் நீண்டு வந்து டிராக்டரின் கொக்கியில் மாட்டும். அதன் இடது கை, அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை வெல்டிங் வைத்து, மூன்றாவது முறையாக விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் துரு. இரண்டு டயரும் மொட்டை. கொக்கியில் பின்னுக்குப் பதிலாக வீடு கட்டும் முறுக்குக் கம்பியில் ஒரு துண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது நாலு கிலோமீட்டரை மட்டும்தான்.

பதினைந்து பேர் சேர்ந்து படகைத் தூக்கி வைத்தோம். படகு 20 அடி, டிரெய்லர் 10 அடி. முன்பக்கப் பலகையில் அணியம் ஏறி நிமிர்ந்து நின்றது. பின்பக்கம் பாதி வெளியே தொங்கியது. இன்ஜினும் பின்னால்தான். வைத்த உடனே டிரெய்லரின் முன்பகுதி மேலே எழும்பி, அந்த முறுக்குக் கம்பியைப் பிடுங்கப் பார்த்தது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “முன்னாடி நாலு பேரை ஏத்துங்கப்பா, கனம் சரியாயிடும்.”

காலனிப் பையன்கள் நாலு பேர் ஏறத் தயாராக இருந்தார்கள். அவர்களின் அம்மா, அக்கா எல்லாம் அந்த மாடியில் இருக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லை. இரண்டு பேர் பலகையில், இரண்டு பேர் அந்த முக்கோணச் சட்டத்தின் மேலே, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில். “ஏறுங்க தம்பி, சீக்கிரம்” என்று சொன்ன குரல்களில் என் குரலும் இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தப் பதிவுக்கு மரியாதை இல்லை.

டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், காலனிக்காரர். பண்ணையாரிடம் பல வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர். இறங்கி வந்தார். டிரெய்லரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். விரிசல் விட்ட இடத்தை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், “ஆளை எறக்குங்க யம்மா. அப்புறந்தான் வண்டிய எடுப்பேன்” என்றார்.

“அண்ணே, அங்க கர்ப்பிணிப் பொண்ணு இருக்கு. மெதுவாப் போயிரலாம்.”

“என் மவளும் அந்த மாடியிலதான் இருக்கா. பிள்ளைகள எறக்குங்க.”

அவருக்குப் பயம் என்று நினைத்தேன். வண்டி உடைந்தால் முதலாளி திட்டுவார் என்ற பயம். கோபமாக வந்தது. இருந்தாலும் பையன்களை இறங்கச் சொன்னேன். அவர் சாவியைக் கையில் வைத்திருந்தார், வேறு வழி இல்லை.

அடுத்து நடந்ததற்கு 50 நிமிடம் ஆனது. நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதனால் எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

முதலில் படகுக்குள் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். கணுக்கால் அளவுகூட இல்லை, அதற்குப் போய் இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அதுவும் சும்மா இருக்கும் கனமில்லை. மேட்டில் ஏறினால் பின்னால் ஓடும், பள்ளத்தில் இறங்கினால் முன்னால் ஓடும், வளைவில் ஒரு பக்கமாகச் சாயும்.

அடுத்து இன்ஜின். மீனவர் ஒருவர் அதைக் கழற்றிக் கொடுக்க, டிரெய்லரின் முன்பக்கத்தில் சாக்கு விரித்துக் கட்டினார்கள். முன்பலகையின் போல்ட்டைக் கழற்றிப் பலகையையே எடுத்துவிட்டு, படகை இரண்டடி முன்னால் தள்ளினார்கள், டிராக்டர் திரும்பும்போது அதன் பெரிய டயரில் அணியம் இடிக்காத அளவுக்கு. எழும்பியிருந்த முன்பகுதி தானாகக் கீழே உட்கார்ந்தது. நாலு பையன்களின் உடம்பு செய்ய வேண்டும் என்று நாங்கள் சொன்ன வேலையை, ஒரு இன்ஜினும் இரண்டடியும் செய்துவிட்டன.

டிரெய்லர் இழுப்பதில் இதுதான் அடிப்படை. கனத்தில் பெரும்பகுதி சக்கரத்தின் மேலும், கொஞ்சம் சக்கரத்துக்கு முன்னாலும் இருக்க வேண்டும். பின்னால் கனம் அதிகமானால் கொக்கி தூக்கும், வேகம் கூடும்போது டிரெய்லர் நாய் வாலாட்டுவதைப் போல இருபுறமும் ஆடும். அதை ஓட்டுநரின் திறமையால் நிறுத்திவிட முடியாது.

பிறகு அந்த முறுக்குக் கம்பியை உருவி எறிந்தார். தன் டூல் பெட்டியிலிருந்து துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பின்னை எடுத்து மாட்டி, அது கழன்று விழாமல் பூட்டுக் கிளிப்பும் போட்டார். சொந்தக் காசில் வாங்கியதாம். “வண்டி அவுகளுது. உசுரு நம்மளுதுல்லா” என்றார்.

விரிசலுக்கு வெல்டிங் வைக்கக் கரண்ட் இல்லை. ஒரு சவுக்குக் கட்டையை அந்த உடைந்த கையோடு சேர்த்து, முறிந்த காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டுவார்களே, அப்படிக் கட்டினார். அதற்கும் மேல், டிரெய்லரின் அடிச்சட்டத்திலிருந்து, அதாவது விரிசலுக்குப் பின்னால் நல்ல இரும்பு இருக்கும் இடத்திலிருந்து, இரண்டு சங்கிலிகளைச் சட்டத்துக்கு அடியில் குறுக்காகக் கொண்டுவந்து டிராக்டரோடு மாட்டினார். சட்டம் போனாலும் சங்கிலி பிடிக்கும், முன்பகுதி தரையில் குத்தாது. படகின் அணியத்தை முன்னாலும் இரண்டு பக்கத்தைப் பின்னாலும் கயிறு போட்டு இறுக்கினார்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும், வழியில் இரண்டு தரம் நிறுத்தி இறுக்கணும் என்று மீனவர் சொன்னார். தொங்கும் பின்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ரிப்பேர் இல்லை. உடைந்த சட்டத்தோடு டிரெய்லரை இழுக்கக் கூடாது, அதுதான் விதி. வேறு டிரெய்லர் தர ஆளில்லாத ஊரில், நாலு கிலோமீட்டருக்கு, நடக்கும் வேகத்தில், மேலே ஒருவரும் இல்லாமல் செய்த கடைசி வழி இது. இதைப் படித்துவிட்டு யாரும் சவுக்குக் கட்டையைத் தேடாதீர்கள்.

கிளம்பினோம். யாரும் டிரெய்லரில் இல்லை, பக்கவாட்டில் இல்லை, நேர் பின்னாலும் இல்லை. இருபதடி தள்ளி நடந்தோம். அந்த மாதிரி டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் நின்றாலும் பின்னால் இருப்பது தள்ளிக்கொண்டு வரும். அதனால் முதல் கியரிலேயே போனார். ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, சக்கரத்தின் நடுக்குடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பேரிங் போகப் போகிறது என்றால் அங்கே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். சூடான குடம் வெள்ளத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கிரீஸ் போய்விடும். அதனால் ஆறவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறக்கினார்.

குளக்கரையில் ஏறி இறங்கும் இடத்தில், தண்ணீர் அரித்த குழி ஒன்றில் இடது சக்கரம் இறங்கியது. ‘டங்’ என்று ஒரு சத்தம். கோயில் மணியை ஒரு முறை மட்டும் அடித்ததைப் போல. வெல்டிங் முழுசாக விட்டுவிட்டது. சவுக்குக் கட்டை பிளந்தது. டிரெய்லர் சாய்ந்தது, படகு ஒரு சாண் நகர்ந்தது, சங்கிலி இறுகிப் பிடித்தது. நின்றுவிட்டது.

சட்டம் ஒடிந்து மடங்கிக் கிடந்த இடத்தைப் பார்த்தேன். நான் “ஏறுங்க தம்பி” என்று சொன்ன இடம் அது. அந்த நாலு பையன்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து தண்ணீர் இருநூறு மீட்டர் தூரம். எல்லோரும் சேர்ந்து படகைத் தூக்கிக்கொண்டு போனோம். ஐந்து நடையில் எல்லோரையும் மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் அந்த இரண்டு மீனவர்களும். கர்ப்பிணிப் பெண்தான் முதல் நடையில் வந்தார்.

கடைசி நடையில் வந்தவர்களில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அவர்கள் வீடு மண்சுவர். இரண்டு நாள் ஊறி, நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் சரிந்திருக்கிறது. பரணில் இருந்த தகரப் பெட்டி தண்ணீரோடு போய்விட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வீட்டுப் பட்டா எல்லாம் அதில். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என்னிடம் கோபப்படவில்லை, அழவும் இல்லை. “ஏன் லேட்டா வந்தீங்க அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த 50 நிமிடத்தை நான் நினைத்தேன். பதில் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து டிரைவர் அண்ணனைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். சிரித்தார். “சின்ன வயசுல வாழத்தார் வெட்டப் போவும்போது நாங்கல்லாம் அந்தச் சட்டத்துல உக்காந்துதான் போவோம். உள்ள எடம் இருந்தாலும் எங்களுக்கு அங்கதான். விழுந்தவங்க பேரைச் சொல்லட்டா?” என்று கேட்டு, மூன்று விரலை மடக்கினார். மூன்று பேரில் ஒருவரின் குடும்பத்துக்காவது நஷ்டஈடு கிடைத்ததா என்று கேட்டேன். அப்படி ஒரு சொல்லே அன்றைக்கு ஊரில் இல்லை என்றார்.

நான் எம்.ஏ. சமூகவியல் படித்தவள். உல்ரிக் பெக் என்ற ஜெர்மன் அறிஞர் 1986-இல் எழுதிய ‘ரிஸ்க் சொசைட்டி’ புத்தகத்தைப் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். நவீன காலத்தின் ஆபத்துகள் வர்க்கம் பார்க்காமல் எல்லோரையும் எட்டும் என்பது அவர் வாதத்தில் முக்கியமான ஒரு பகுதி. நல்ல மார்க்கும் வாங்கினேன். நல்ல டிரெய்லர் உர மூட்டைக்கும் உடைந்த டிரெய்லர் காலனிக்கும் போன அந்தக் காலையில், ஆபத்தும் நம் ஊரில் தெரு பார்த்துத்தான் போகிறது என்பதை எனக்குக் காட்டியவர் எட்டாம் வகுப்பு தாண்டாத ஒரு டிரைவர்.

அன்று யாரும் எங்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. “அவசரம்” என்று மட்டும்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். மலக்குழிக்குள் மனிதரை இறக்கும்போதும் இதே சொல்தான். அடைப்பு அவசரம், மெஷின் வர நேரமாகும், ஒரு நிமிட வேலைதான், இறங்குப்பா. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. மலக்குழி மரணங்களுக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்த வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முன்னால். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, ஆனாலும் குழியின் வாயில் நிற்பவர் காதில் விழுவது “அவசரம்” என்ற ஒரு சொல்தான். சரக்கு வண்டியில் இப்படி ஆள் ஏற்றக் கூடாது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. அன்று அது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதில் நம் பங்கும் உண்டு என்பதைத்தான் இளைய தோழர்களிடம் சொல்ல வருகிறேன். ‘உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள் நாங்கள்’ என்று நாம் மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். மார்பளவு தண்ணீரில் மூட்டை தூக்கும் பையனின் போட்டோவைப் போட்டு இதயம் விடுகிறோம். அந்தப் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் ஏன் இல்லை என்று கேட்பதில்லை. நம் உயிரை மலிவாகப் பார்க்கிறவர்களோடு சண்டை போடும் நாமே, அவசரம் என்றதும் அதே விலையில் அதை எடுத்து நீட்டிவிடுகிறோம். அன்றைக்கு நான் நீட்டியது என் உயிரைக்கூட அல்ல, யாரோ நாலு பேர் பெற்ற பிள்ளைகளை.

வெள்ளம் மறுபடியும் வரும். நீங்கள்தான் முதலில் போய் நிற்பீர்கள். அப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே, உங்கள் பகுதியில் எந்த டிரெய்லர் நன்றாக இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைத்து, அதைத் தாசில்தாரிடம் மனுவாகக் கொடுங்கள். பேரிடர் நேரத்தில் வண்டியைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. நம்மைப் போலக் கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை. ஒரு நல்ல பின், இரண்டு சங்கிலி, நாலு கயிறு உங்கள் மன்றத்திலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடங்கள். சட்டம், பின், டயர், கனம், கயிறு என்று ஐந்தையும் பாருங்கள். டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள், யார் சொன்னாலும், எவ்வளவு அவசரமானாலும். ஓட்டுகிறவர் ‘போகாது’ என்று சொன்னால், அவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். அங்கே வண்டியைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவராக இருக்கலாம்.

சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போட அந்தப் பெண்ணோடு ஏழெட்டு முறை அலைந்தேன். மார்க் ஷீட் நகல் வந்தது. பட்டா இன்னும் வரவில்லை. தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். முதல் இரண்டு படகும் உங்கள் பக்கம் திரும்பாததாலும், நல்ல டிரெய்லர் உரத்துக்குப் போனதாலும்தான் அவ்வளவு நேரமானது. அந்தக் கணக்கை ஊரிடமும் அரசிடமும் சேர்ந்து கேட்போம். மிச்சம் 50 நிமிடம் மட்டும் எங்களுடையது. அதில் உன் பெட்டி போனது, நாலு பேர் திரும்பி வந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் உன் அண்ணன்.

ஜெய் பீம்.